அங்கே அடிபட்டால் எங்கே சொல்வது?

தமிழ் தினசரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தலையில் அடிபட்டால் தலை என்று எழுதுவார்கள். காலில் அடிபட்டால் கால். தொப்புளுக்குக் கீழே, தொடைக்கு மேலே அடிபட்டால் மட்டும் 'மர்ம உறுப்பில் பலத்த காயம்' என்று எழுதிவிட்டு அவசரமாக அடுத்த செய்திக்குத் தாவிவிடுவார்கள். இதில் என்ன சார் மர்மம்? நாட்டில் பாதிப் பேரிடம் இருக்கிற சாமான்தானே!

எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர்கள் இதைவிட நல்ல வார்த்தை வைத்திருக்கிறார்கள். 'உயிர்நிலை'. கோலிக்குண்டுச் சண்டை கைகலப்பாகும்போது திண்ணையில் இருந்து ஒரு குரல் வரும்: "எங்க வேணாலும் அடிச்சுக்கங்கடா, உயிர்நிலையில மட்டும் அடிச்சிராதீங்க!" எங்களுக்குக் கிடைத்த முதல் மருத்துவ போதனை அதுதான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை, காலேஜும் சொல்லித் தரவில்லை.

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தவிர வேறு எந்த உள்ளுறுப்பும் எனக்குப் பரிச்சயமில்லை. இருந்தும் இதை எழுதக் காரணம், என் பெரியப்பா மகனுக்காக மதுரைப் பெரியாஸ்பத்திரியின் சிறுநீரகவியல் வார்டுக்கு மாதக்கணக்கில் போய்வந்திருக்கிறேன். பக்கத்துப் படுக்கைக்காரர்களின் கதைகளைக் கேட்டேன். டாக்டர்களைத் தொந்தரவு செய்து சந்தேகம் கேட்டேன். அங்கே படுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் உங்களையும் என்னையும் போன்ற வயசுக்காரர்கள். அநேகமாக எல்லோரும் முதலில் செய்த காரியமும் ஒன்றே: யாரிடமும் சொல்லாமல் இருந்தது.

முதலில் அடி எப்படிப் படுகிறது என்று பார்ப்போம். அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி போகிற வழியெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே பனை, மழை பெய்தால் மட்டும் கண்மாய் என்று ஒத்துக்கொள்ளப்படும் ஒரு பொட்டல். ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர் திருச்சுழி. இன்றைக்கு அந்த ரோட்டில் போகிற இளைஞர்களுக்கு 'நான் யார்' என்று யோசிக்க நேரமில்லை. எண்பதில் போகிறார்கள்.

பைக் எதிலாவது மோதினால் பைக் நின்றுவிடும். நீங்கள் நிற்க மாட்டீர்கள். உட்கார்ந்த வாக்கிலேயே முன்னால் வழுக்கிப் போவீர்கள். அப்போது உங்களைத் தடுத்து நிறுத்துகிற முதல் ஆசாமி பெட்ரோல் டாங்க். அழகாக, கூம்பாக, இரும்பில் செய்து சரியாக அந்த இடத்துக்கு நேராக வைத்திருக்கிறார்கள். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றும். இதற்கு ஹெல்மெட் கிடையாது. (கிரிக்கெட்டில் உண்டு. தலைக்கு ஹெல்மெட் வந்தது 1970களின் கடைசியில். இடுப்புக்குக் கீழே 'கார்டு' அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வந்துவிட்டது. ஆண்கள் எதை முதலில் பத்திரப்படுத்துவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.)

பைக்குக்கு முந்தின தலைமுறைக்கு சைக்கிள். கால் எட்டாத வயசில் குரங்குப் பெடல் அடித்துப் பழகி, பிறகு ஒரு நாள் வீரமாக பாருக்கு மேலே காலைப் போட்டு, பெடல் வழுக்கி, அந்த பாரின் மேலேயே கவட்டை விரிய விழுந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் இந்தப் பக்கத்தைப் படிக்கிற பாதிப் பேர் தூக்குவீர்கள். இதில் ஒரு விஷமம் இருக்கிறது. சிறுநீர்க்குழாய் அந்த இடத்தில் பாருக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்கு மாதிரி நசுங்கும். இரண்டு நாள் எரிச்சல், ஒரு சொட்டு ரத்தம், அப்புறம் சரியாகிவிடும். சரியாகிவிட்டதாக நாம் நினைப்போம். உள்ளே தழும்பு மெதுவாகச் சுருங்கிக்கொண்டே வரும். பல வருஷம் கழித்து ஒருவன் பாத்ரூமில் ஐந்து நிமிஷம் நிற்கிறான், நூல் மாதிரி வருகிறது, முக்க வேண்டியிருக்கிறது. 'சூடு' என்று வெந்தயம் முழுங்குவான். சைக்கிள் ஞாபகமே இருக்காது.

பனையேறிகளுக்கு மரத்தில் இருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவது. வேட்டி கட்டியவர்களுக்கு இன்னொரு ஆபத்து: மாவு மில், மோட்டார் பம்ப், கதிரடிக்கிற மெஷின் எதிலும் ஓடுகிற பெல்ட் வேட்டி நுனியைப் பிடித்தால் துணியோடு தோலையும் உரித்துக்கொண்டு போய்விடும். வேட்டிக்கும் பெல்ட்டுக்கும் நடுவே எது இருக்கிறதோ அது போகும். கேட்கவே கூசுகிறதல்லவா? ஆனால் உள்ளே இருக்கிற விதைகள் பெரும்பாலும் தப்பிவிடுமாம், தோல்தான் போகும். தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டுகிறார்கள். அதுவரைக்கும் விதைகளைத் தொடைத் தோலுக்கு அடியில் பை மாதிரி செய்து பத்திரமாக வைக்கிற வித்தைகூட இருக்கிறது. லாக்கர் வசதி!

மஞ்சுவிரட்டுக் காயத்தைப் பற்றி ஒரே வார்த்தை. மாடு தலையைத் தாழ்த்திக் குத்தி மேல்நோக்கித் தூக்கும். அதனால் தொடை இடுக்கில் வெளியே தெரிகிற ஓட்டை ஐம்பது பைசா அளவுக்கு இருந்தாலும் உள்ளே போன பாதை ஒரு முழம் இருக்கலாம். மஞ்சளை அப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிற காயம் இல்லை அது.

இப்போது கொஞ்சம் கணக்குப் பாடம். இரண்டு கிட்னி. அவை வடிகட்டி அனுப்புவது இரண்டு மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு வருகிறது. பை சுமார் அரை லிட்டர் வரை தாங்கும். அங்கிருந்து வெளியே போகிற குழாய், பெண்களுக்கு நாலு சென்டிமீட்டர், ஆண்களுக்கு ஏறக்குறைய இருபது. நீளமும் வளைவும் ஜாஸ்தி. அதனால்தான் இந்த விபத்து பெரும்பாலும் ஆண்களுக்கே. வார்டில் கட்டில் தலைமாட்டில் ஒரு சார்ட் தொங்கும். உள்ளே போன தண்ணீர் இத்தனை மில்லி, வெளியே வந்தது இத்தனை மில்லி. வரவு, செலவு! அந்தச் சார்ட்டைப் பார்த்ததும்தான் எனக்கு ஆஸ்பத்திரியில் முதல் தடவையாக ஒரு விஷயம் புரிந்தது. டாலி ஆகவில்லையென்றால் நர்ஸம்மா முகத்தில் எங்கள் ஆடிட்டர் முகம் தெரியும்.

கிட்னி அடி என்றால் எல்லோரும் பயப்படுவார்கள். விலாவில் அடிபட்டு சிறுநீர் சிவப்பாகப் போனால் யாருக்குத்தான் பயமிருக்காது? ஆச்சரியம் என்னவென்றால், மொத்த அடிகளிலேயே நன்றாகத் தானே ஆறிக்கொள்ளக்கூடியது அதுதான். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பெரும்பாலானவர்களைக் கத்தியே வைக்காமல் படுக்கையில் ஓய்வாக வைத்து, கண்காணித்து அனுப்பிவிடுகிறார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். சிறுநீரில் எவ்வளவு சிவப்பு என்பதற்கும் உள்ளே எவ்வளவு சேதம் என்பதற்கும் சம்பந்தமில்லை. பயங்கரமாகச் சிவந்தது சின்னக் காயமாக இருக்கும். துளிகூடச் சிவக்காதது கிட்னிக்குப் போகிற ரத்தக்குழாயே அறுந்த கேஸாக இருக்கலாம். ஆகையால் "கலர் தெளிஞ்சிருச்சு" என்று நீங்களே டிஸ்சார்ஜ் செய்துகொள்ள வேண்டாம்.

பைக்கு வருவோம். இங்கேதான் ஆபீஸ்காரர்கள் கவனிக்க வேண்டும். மதுரையில் பஸ் ஏறும்போதே ஒரு டீ, ஒரு பாட்டில் தண்ணீர். அருப்புக்கோட்டை ஐம்பது கிலோமீட்டர். நடுவில் கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்ல வெட்கம். அடக்கிக்கொண்டே வருகிறோம். காலியான சிறுநீர்ப்பை இடுப்பெலும்புக்குள் பதுங்கிக் கிடக்கும், எளிதில் அடிபடாது. நிறைந்த பை பலூன் மாதிரி வயிற்றுக்குள் மேலே ஏறி நிற்கும். அந்த நேரத்தில் பஸ் எதிலாவது மோதி முன் சீட்டுக் கம்பி அடிவயிற்றில் இடித்தால் பலூன் மேல்பக்கமாக வெடிக்கும். உள்ளே வயிற்றறைக்குள் கிழிந்தால் கண்டிப்பாக ஆபரேஷன்தான். வயிற்றறைக்கு வெளியே கீழ்ப்பக்கம் கிழிந்தால் பெரும்பாலும் டியூப் போட்டுப் பத்துப் பதினாலு நாளில் தானாக ஆறிவிடும். குடித்துவிட்டு விழுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடப்பதும் இதனால்தான். உள்ளே சரக்கு நிறைய, உணர்வு குறைய.

அடக்கிக்கொள்வதில் உலக சாம்பியன் ஒருவர் உண்டு. டைக்கோ பிராஹே, பெரிய வானியல் மேதை. 1601 அக்டோபரில் ப்ராக் நகரத்தில் ஒரு விருந்து. பிரபுக்கள் உட்கார்ந்திருக்கும்போது நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் நீர் பிரியவில்லை. பதினோரு நாள் அவஸ்தைப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். பை வெடித்துவிட்டது என்று ரொம்ப நாள் கதை. அடக்குவதால் மட்டும் நல்ல பை வெடிக்காது, அடியும் சேர வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். அவருக்கு வேறு அடைப்பு இருந்திருக்கலாம். எப்படியோ, மேனேஜர் மீட்டிங்கில் நெளிந்துகொண்டிருக்கிற நண்பர்களே, நட்சத்திரங்களை எண்ணியவருக்கே அந்தக் கதி.

பெட்ரோல் டாங்க் வருவதற்கு முந்தின விபத்தும் சரித்திரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தைப் பிடித்த முதலாம் வில்லியம் ராஜா 1087-ல் பிரான்சில் மாந்த் என்ற ஊரை எரிக்கப் போனார். குதிரை தடுமாறியது, சேணத்தின் முன்பக்க இரும்புக் குமிழில் அவருடைய பெரிய உடம்பு போய் மோதியது. அந்த செப்டம்பரிலேயே இறந்துபோனார். உள்ளே சிறுநீர்ப்பாதை கிழிந்திருக்கலாம் என்று ஊகிக்கிறவர்கள் உண்டு. குதிரை போய் பைக் வந்திருக்கிறது. குமிழ் அதே இடத்தில்.

இனி என் தம்பி கதை. நான்கு சக்கரத்துக்கு லோன் கொடுக்கிற ஒரு கம்பெனியில் வசூல் வேலை. இருபத்தேழு வயசு. நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி திருச்சுழிப் பக்கம் இருந்து திரும்பி வருகிறான். முன்னால் கருவேல விறகு ஏற்றின டிராக்டர். பின்பக்கம் லைட் கிடையாது, சிவப்புத் துணிகூடக் கிடையாது.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. 108 வருவதற்குள் யாரோ புண்ணியவான் காரில் தூக்கிப்போட்டுப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் சேர்த்துவிட்டார். (பெயர் வேண்டாம்.) "ஒண்ணுக்கு முட்டுது, வரலை" என்று கத்தியிருக்கிறான். அவன் உறுப்பின் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் நின்றிருக்கிறது. அங்கே இருந்தவர் டியூபை எடுத்துத் தள்ளினார். போகவில்லை. பெரிய டியூபாக எடுத்து இன்னும் பலமாகத் தள்ளினார். மூன்றாம் முறை டியூப் வழியாக ரத்தம் கொட்டியது. நடுவில் ஒரு உறவுக்காரர், நல்ல எண்ணத்தோடுதான், "இளநி குடு, நீர் பிரிஞ்சிரும்" என்று இரண்டு இளநீர் வேறு கொடுத்துவிட்டார். வாசல் அடைத்த வீட்டில் இன்னும் பத்துப் பேரை உள்ளே அனுப்பினால் எப்படி இருக்கும்? அப்படி.

அந்த ஒரு சொட்டு ரத்தம்தான் விஷயம். இடுப்பில் அடிபட்டவனுக்கு நுனியில் ரத்தம் தெரிந்தால், முட்டிக்கொண்டு வந்தும் போக முடியவில்லையென்றால், குழாய் கிழிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, முதலில் குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு டியூபைத் தள்ளக்கூடாது. அரைகுறையாகக் கிழிந்தது முழுசாகத் துண்டாகிவிடும். மதுரையில் அந்த ராத்திரி டியூட்டி டாக்டர் பார்த்ததுமே கீழ்ப்பக்கம் போகவில்லை. தொப்புளுக்குக் கீழே வயிற்றில் சின்னதாகத் துளைபோட்டு நேராகப் பைக்குள் டியூப் வைத்தார். ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. அதுவரை அலறிக்கொண்டிருந்தவன் "அண்ணே..." என்று ஒரு பெருமூச்சு விட்டானே, கோடி ரூபாய் லாட்டரி விழுந்தவன்கூட அப்படி விட்டிருக்க மாட்டான்.

இந்த டியூப் நழுவாமல் இருக்க உள்ளே ஒரு குட்டி பலூன் இருக்கும். ஃபோலி டியூப் என்பார்கள். 1930களில் ஃப்ரெடரிக் ஃபோலி என்கிற அமெரிக்க டாக்டர் வடிவமைத்தது. காப்புரிமை வழக்கில் கடைசியில் உரிமை வேறொருவருக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் ஃபோலிக்கே நின்றுவிட்டது. லாபம் ஒருத்தருக்கு, குட்வில் ஒருத்தருக்கு. எங்கள் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டிய உதாரணம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெரியப்பா முதலில் கேட்டது அதைத்தான். 2021 டிசம்பர் 18-ம் தேதி தமிழ்நாடு அரசு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்று ஒரு திட்டம் தொடங்கியது. ரோடு விபத்தென்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் இலவசம். தொடங்கியபோது ஒரு லட்ச ரூபாய் வரை. எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. 108-ஐக் கூப்பிட்டிருந்தால் நேராக அப்படிப்பட்ட இடத்துக்கே போயிருக்கலாம்.

கிழிந்த குழாயை உடனே தைத்துவிடலாமே என்று கேட்டேன். "ரத்தம் கட்டி, எல்லாம் வீங்கி, சேறு மாதிரி இருக்கு சார். சேத்துல அஸ்திவாரம் போடலாமா?" என்றார் டாக்டர். சுமார் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வீக்கம் வடிந்து, எலும்பு கூடி, தழும்பு கெட்டிப்பட்ட பிறகு மேலே இருந்தும் கீழே இருந்தும் மருந்து செலுத்திப் படம் எடுப்பார்கள். நடுவில் எத்தனை இடைவெளி என்று தெரியும். பிறகு விதைப்பைக்குப் பின்னால் கீறி, தழும்பை முழுசாக எடுத்துவிட்டு, நல்ல முனையோடு நல்ல முனையைச் சேர்த்துத் தைப்பது. பழகிய கைகளில் பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்கு முதல் ஆபரேஷனிலேயே சரியாகிவிடுகிறது.

ஆக மூன்று மாதம் வயிற்றில் டியூப், தொடையில் கட்டின பை. கல்யாணத்துக்கும் அதே மூன்று மாதம்.

வீட்டில் எடுத்த முடிவு என்ன தெரியுமா? 'இடுப்புல லேசா அடி' என்று மட்டும் பெண் வீட்டுக்குச் சொல்வது. பெரியம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, "இது வெளிய தெரிஞ்சா அவனை யாரு ஆம்பளைனு மதிப்பா?" என்று அழுதார். தம்பி ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பிறகு ஒரு நாள் என்னிடம், "அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா, டாக்டர்ட்ட நீ கேட்டுச் சொல்றியா?" என்றான். என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. இருபத்தேழு வயசில் வேறென்ன கேள்வி?

நான் போய்க் கேட்கவில்லை. டாக்டரையே கூட்டிவந்து கட்டிலைச் சுற்றி ஸ்க்ரீனை இழுத்துவிட்டு வெளியே நின்றுகொண்டேன். (காது மட்டும் உள்ளே.) டாக்டர் ஒளிக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்து இந்தக் குழாயும் அறுந்தால், எழுச்சிக்குப் போகிற நரம்பும் ரத்தக்குழாயும் பக்கத்திலேயே ஓடுவதால் கணிசமான பேருக்கு அந்தப் பிரச்னை வருகிறது, அது அடியினால் வருவது. சில பேருக்கு ஒன்றரை, இரண்டு வருஷத்துக்குள் தானே திரும்பிவிடும். திரும்பாதவர்களுக்கு மாத்திரை இருக்கிறது. 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே, எல்லோரும் சிரித்துக்கொண்டே பேசுகிற அந்த நீல மாத்திரைதான். அதற்கு மேலும் வழிகள் உண்டு. "விதை ரெண்டும் நல்லா இருக்கு. குழந்தை விஷயத்துல இப்பவே கவலைப்படாதீங்க. ஒண்ணு இருந்தாலே போதும், உங்களுக்கு ரெண்டு இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே பெண்ணுக்கு போன் போட்டான். டியூப், பை, மூன்று மாதம், டாக்டர் சொன்ன அந்த இன்னொரு விஷயம், எல்லாவற்றையும். நாற்பது நிமிஷம். முடித்துவிட்டு வெள்ளைக் காகிதம் மாதிரி உட்கார்ந்திருந்தான். "என்னடா சொல்லுச்சு?" என்றேன். "அழுதுச்சுண்ணே. அப்புறம், 'இம்புட்டு நாளா ஏன் இடுப்பு இடுப்புனு பொய் சொன்னீங்க'னு கேட்டுச்சு."

அவள் அப்பா யோசிக்க டைம் கேட்டார். நியாயம்தான், என் பெண்ணாக இருந்தால் நானும் கேட்டிருப்பேன். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மதுரைக்கு வந்து, டாக்டரைத் தனியாகப் பார்த்துப் பேசிவிட்டு, தம்பிக்கு ஒரு பாக்கெட் சாத்தூர் சேவு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணம் எட்டு மாதம் தள்ளி நடந்தது. மற்றதெல்லாம் அவர்கள் வீட்டு விஷயம். இப்போது அவன் நின்றுகொண்டு போகிறான், முப்பது செகண்டில் முடிக்கிறான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதைப் பெருமையாக அவனே சொல்வான்.

அந்த வார்டில் நான் கற்ற மற்ற விஷயங்களையும் கொட்டிவிடுகிறேன்.

பந்து பட்டு விதையில் அடி. எல்லோருக்கும் உண்டு, துள்ளுவோம், பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். ஒரு மணி நேரம் ஆகியும் வலி குறையாமல், வீங்கிக்கொண்டே போய், வாந்தியும் வந்தால் ஓடுங்கள். துணியில் சுற்றின ஐஸை மேலே வைத்துக்கொண்டே ஓடுங்கள். விதையின் உறை கிழிந்திருந்தால் சீக்கிரம் தைத்தால்தான் விதை மிஞ்சும். அடியே படாமல் ராத்திரித் தூக்கத்தில் திடீரென்று ஒரு பக்கம் உயிர்போகிற மாதிரி வலித்தால் அது இன்னும் அவசரம். விதை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். சுமார் ஆறு மணி நேரம்தான் தவணை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் காலையில் அது இருக்காது.

ஜிப். சிரிக்காதீர்கள். அவசரமாக இழுத்து மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். மேலேயும் இழுக்கக்கூடாது, கீழேயும் இழுக்கக்கூடாது. ஜிப்பின் தலையில் முன் தகட்டையும் பின் தகட்டையும் இணைக்கிற ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. டாக்டர் கட்டிங் பிளேயரால் அந்தப் பாலத்தை வெட்டினால் ஜிப் இரண்டாகக் கழன்று விழும், தோல் தப்பிக்கும். மருத்துவத்தில் எனக்கு முழுசாகப் புரிந்த ஒரே ஆபரேஷன் இதுதான்.

வார்டில் ஒரு பேங்க்காரர் இருந்தார். புது மாப்பிள்ளை. என்ன கேஸ் என்று யார் கேட்டாலும் "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்பார். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் பொதுவாக டாக்டர் எனக்குச் சொன்னது: விறைத்த நிலையில் உறுப்பு முரட்டுத்தனமாக மடங்கினால் உள் உறை கிழியும். எலும்பே இல்லாத இடத்துக்கு 'எலும்பு முறிவு' என்று டாக்டர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கும், விறைப்பு உடனே போய்விடும், கறுத்து ஊதா நிறமாக வீங்கும். மருத்துவப் புத்தகத்திலேயே அதைக் கத்திரிக்காய் என்றுதான் எழுதியிருக்கிறார்களாம். சீக்கிரம் வந்து தைத்துக்கொண்டால் அநேகமாகப் பழையபடி ஆகிவிடும். வெட்கப்பட்டு நாலு நாள் ஒளித்துவைத்தால் கோணலாகவே ஆறும். கத்திரிக்காய் முத்தினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? முத்துவதற்கு முன்னால் வந்தால் என்ன?

முழுசாகத் துண்டாகிவிட்டால்கூட (பகை, மனநோய், மெஷின், காரணம் எதுவானாலும்) அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சலைன் நனைத்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து எடுத்துப் போக வேண்டும். ஐஸ் நேராகத் தோலில் படக்கூடாது. நுண் அறுவை தெரிந்தவர்கள் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். இறந்தவரின் உறுப்பையே எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவதும் நடந்துவிட்டது. 2014 டிசம்பரில் தென் ஆப்பிரிக்காவின் டைகர்பெர்க் ஆஸ்பத்திரியில் அது வெற்றியாக முடிந்தது, ஒன்பது மணி நேர ஆபரேஷன். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், ஆப்கானிஸ்தானில் குண்டு வெடித்துக் காயப்பட்ட ஒரு சிப்பாய்க்கு விதைப்பையோடு சேர்த்துப் பொருத்தினார்கள். பதினாலு மணி நேரம். விதைகளை மட்டும் வைக்கவில்லை. வைத்தால் பிறக்கிற குழந்தை கொடுத்தவருடையதாகிவிடுமே! இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இப்படி அடிபட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் 1,367 பேர் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அநேகமாக எல்லோரும் முப்பத்தைந்து வயசுக்குள். போருக்கே போகாத நம் ரோடுகளில் கணக்கெடுக்க யார் போனார்கள்?

கடைசியாக, பாக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு சமாச்சாரம். குழாய் நீளமாகச் சுருங்கிவிட்டால் முனையோடு முனை சேர்க்க முடியாது. ஒட்டுப் போட வேண்டும். அதற்கு உடம்பிலேயே தோதான துணி எது தெரியுமா? கன்னத்தின் உள்பக்கச் சவ்வு. எப்போதும் ஈரத்திலேயே இருந்து பழகியது, முடி முளைக்காது, எடுத்த இடமும் சீக்கிரம் ஆறிவிடும். இந்த ஒட்டு வேலையில் நம் புனே டாக்டர் சஞ்சய் குல்கர்னி 2009-ல் வெளியிட்ட முறைக்கு உலகமே 'குல்கர்னி முறை' என்று பெயர் வைத்திருக்கிறது. ஆனால் வருஷக்கணக்காகப் பாக்கு, குட்கா என்று அடக்கினவர்களுக்குக் கன்னம் உள்ளே தோல் பட்டை மாதிரி இறுகிப்போயிருக்கும். எடுக்க உருப்படியாகத் துணி கிடைக்காது. இதனால் சிறுநீரக டாக்டர் பார்க்க வந்தவுடன் "வாயைத் திறங்க" என்கிறார்!

தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில் எங்கள் ஊர்த் தறிக்காரர் ஒருவர், அறுபது வயசு, எப்போதோ சைக்கிளில் இருந்து விழுந்தவர். டாக்டர் அவர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வெற்றிலைக் கறை இல்லாத இடது கன்னத்தில் இருந்து எடுத்துக் கீழே ஒட்டப்போவதாகப் பொறுமையாக விளக்கினார். பெரியவர் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எல்லாஞ் சரிதேன் அய்யா. வாய்த்தோலுங்கிறீக... நாலு பேரு இருக்கையில அது பாட்டுக்குப் பேசிப்புடாதே?"

டாக்டர் ஸ்க்ரீனுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.